பூங்காவனம் முடிந்தது போன ஆவணியில், காது இன்னும் இரைகிறது

மைக்செற்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

22 வருடமாக ஒலியமைப்புத் தொழிலில் நிற்கிறேன். கோயில் திருவிழா, கலியாணவீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று கூப்பிட்ட இடமெல்லாம் பொக்ஸ் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். தொடங்கிய காலத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் ஒரு அம்பிளிபயரும்தான் முழுச் சொத்து. இன்றைக்கு ஒரு லொறி நிறையச் சாமான் இருக்கிறது. அந்த 22 வருடத்தில் ஒருநாள்கூட என் காதுக்கு என்று ஒரு சாமான் வாங்கியதில்லை.

போன ஆவணியில் ஒரு கோயிலில் பூங்காவனத் திருவிழா. பின்னேரம் நாயனம், தவிலோடு மேளச்சமா, பிறகு இசைக்குழு. இடம் காணாது என்று என் மிக்சர் மேசையை இடப்பக்கப் பொக்ஸ் அடுக்குக்கு முன்னால் நாலு மீற்றரில் போட்டார்கள். நானும் ஓம் என்று இருந்துவிட்டேன். ஆறு மணித்தியாலம் அந்த இடத்திலேயே. முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தபோது மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. அன்று கறண்ட் இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவு வந்தது. கூவிக்கொண்டிருந்தது என் காதுக்குள்.

முன்பும் இப்படி வரும். அடுத்த நாள் மத்தியானத்துக்குள் அடங்கிவிடும். அதனால் அதைத் தொழிலோடு வரும் களைப்பு என்றே நினைத்திருந்தேன். இந்தமுறை மூன்று நாள் அடங்கவில்லை. நாலாம் நாள் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. இன்றைக்கும் இரவில் வீடு அமைதியானதும் மெல்லிய விசில்போல் கேட்கும். மனைவி குசினியில் இருந்து கூப்பிட்டால் கூப்பிடுவது கேட்கிறது, சட்டி என்றாரா தட்டு என்றாரா என்று பிரித்து விளங்குவதில்லை. மகள் போனில் கதைத்தால் இரண்டாம் தரம் கேட்க வேண்டியிருக்கிறது.

செவிப்புலச் சோதனை செய்தேன். கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில் 4000 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் இரண்டு காதுக்கும் பள்ளம் விழுந்திருக்கிறது. இடக்காதில் இன்னும் ஆழம். இனி அது திரும்பி வராது என்று டொக்டர் சொன்னார்.

ஒலியமைப்பில், மேளத்தில், இசைக்குழுவில், டிஜே வேலையில் இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். காதுக்கு என்ன செய்கிறீர்கள்? உண்மையாகச் சொல்லுங்கள். ஒன்றும் செய்யவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

இணுவில்_தவில் எழுதியது:

அண்ணை, நான் ஒன்றும் செய்யவில்லை. அப்பாவும் செய்யவில்லை. அப்பாவுக்கு இப்போது 61. நாற்பது வருடத்துக்கு மேல் தவில் வாசித்தவர். வீட்டில் ரீவி போட்டால் ஒழுங்கையில் போகிறவர்களுக்கும் செய்தி விளங்கும், அவ்வளவு சத்தம் வைப்பார். ஆனால் தவிலில் ஒரு சொல், அதாவது ஒரு அடி, பிசகினால் உடனே பிடித்துவிடுவார். அதனால்தான் அவருக்குக் காது குறைவு என்று நாங்கள் யாரும் கன காலம் நினைக்கவில்லை.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதை இங்கே சொல்கிறேன். நாயனமும் தவிலும் மைக் இல்லாமலே நாலு வீதிக்கும் கேட்கிற வாத்தியங்கள். திறந்த வெளிக்கு, சுவாமி ஊர்வலத்துக்கு என்றே வந்தவை. இப்போது அவற்றுக்கும் மைக் வைத்து, அந்தச் சத்தத்தை மொனிற்றர் பொக்ஸில் வாசிக்கிறவரின் முகத்துக்கே திருப்பி விடுகிறார்கள். பக்கத்தில் நிற்பவரின் தவில் ஒரு கையெட்டும் தூரத்தில். தலைக்கு மேலே குழாய் ஸ்பீக்கர். இவ்வளவுக்கும் நடுவில் நின்று வாசிக்க வேண்டும். தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி அவர்களின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். ஒலிப்பதிவு பழையது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விளங்கும். இப்போதைய கச்சேரிகளில் சத்தம் பத்து மடங்கு, சொல் விளங்குவது பாதி.

அப்பாவிடம் காதுக்கு ஏதாவது வைக்கச் சொன்னால், நாதத்துக்குக் கதவு போடச் சொல்கிறாயா என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

கேள்விச்சோதனை எழுதியது:

நான் செவிப்புலச் சோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன். மைக்செற்காரன் அண்ணை, நீங்கள் சொன்ன அந்த 4000 ஹேர்ட்ஸ் பள்ளத்தை வாரத்தில் பல தடவை பார்க்கிறேன். தச்சுப் பட்டறை, கல்லுடைக்கும் இடம், மேளம், ஒலியமைப்பு என்று தொழில் வேறு வேறு. வரைபடம் ஒன்றுதான்.

ஏன் அந்த இடத்திலேயே பள்ளம் விழுகிறது என்று பலர் கேட்பார்கள். காதின் வெளிக்குழாய் ஒரு பக்கம் மூடிய சிறு குழல். புல்லாங்குழல்போல் அதற்கும் ஒரு சொந்த ஒலி உண்டு, ஏறத்தாழ 3000 ஹேர்ட்ஸ். அந்த அளவை அண்டிய ஒலிகளை அது தானாகவே பெரிதாக்கி உள்ளே அனுப்புகிறது. சேதம் அதற்குச் சற்று மேலே, 4000 பக்கம் முதலில் தெரியும். பேச்சில் ச, த, ப போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் கூர்மை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. உயிரெழுத்துகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் ஆள் பேசுவது கேட்கும், சொல் கரைந்துவிடும். சட்டியும் தட்டும் குழம்பியது இதனால்தான்.

உள்ளே இருப்பது நத்தை ஓடு வடிவான ஓர் உறுப்பு. ஒரு காதில் சுமார் 15,000 மயிர்க்கலங்கள். பிறக்கும்போது கிடைத்தவைதான் கடைசிவரைக்கும். கோழியின் காதில் செத்த மயிர்க்கலம் திரும்ப முளைக்கும், மனிதருக்கு முளைக்காது. நெல் வயலில் ஆட்கள் நடந்தால் பயிர் சாயும், தண்ணீர் விட்டால் நிமிரும். அதே வழியால் தினமும் நடந்தால் அந்த இடம் பாதையாகிவிடும். சத்தத்துக்குப் பிறகு காது அடைத்தமாதிரி இருப்பதும் இரைவதும் பயிர் சாய்ந்த நிலை. அடுத்த நாள் சரியாகிவிட்டது என்று நாங்கள் விட்டுவிடுகிறோம். ஆனால் 2009 இல் எலிகளில் செய்து வெளியிட்ட ஓர் ஆய்வில், கேட்கும் அளவு முழுதாகத் திரும்பிய பிறகும் மயிர்க்கலங்களுக்கும் நரம்புக்கும் இடையிலான தொடுப்புகள் பெருமளவு அழிந்திருந்தன. இரைச்சல் அடங்கியதை வைத்து ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.

கணக்கு ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து மனத்தில் வைத்திருங்கள். அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்த எல்லை 85 டெசிபெல், ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணித்தியாலம், 91 என்றால் 2, 94 என்றால் 1. 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். அண்ணையின் மேசையில் 100 மட்டுமே இருந்தது என்று வைத்தாலும் ஆறு மணித்தியாலம் என்பது ஒரு நாளைக்கு உரியதைப்போல் 24 மடங்கு. நாலு மீற்றரில் 100 மட்டும் இருந்திருக்காது.

தவில் தம்பி, அப்பாவுக்குப் பதில்: கதவு போடச் சொல்லவில்லை. இசைக்கலைஞருக்கென்று செய்த காதுச் செருகிகள் இருக்கின்றன. அமுக்கினால் சுருங்கி விரியும் மஞ்சள் நிறப் பஞ்சுச் செருகி கூர்மையான ஒலிகளை அதிகமாக வெட்டுவதால் எல்லாம் மூடிப் போட்ட பானைக்குள் இருந்து கேட்பதுபோல் இருக்கும். கலைஞருக்கான செருகியில் ஒரு சிறு வடிகட்டி இருக்கும். அது எல்லா அதிர்வெண்ணையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும். காதின் அச்செடுத்துச் செய்பவற்றில் 9, 15, 25 டெசிபெல் என்று வடிகட்டி மாற்றலாம். 15 டெசிபெல் குறைந்தாலே 15 நிமிடம் எட்டு மணித்தியாலமாகிறது.

இன்னொன்று. காது இரைந்தால் உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விடுவது எங்கள் வீடுகளில் வழக்கம். இந்த இரைச்சலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. செவிப்பறைச் சவ்வில் ஓட்டை இருந்தால் எண்ணெய் கெடுதல் செய்யும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் நாள் பார்க்காமல் அன்றே காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போங்கள். அதற்கு மருந்து உண்டு, தாமதித்தால் பலன் குறையும்.

பேஸ்_பெடியன் எழுதியது:

மூத்தவர்கள் கோபிக்க வேண்டாம். நான் டிஜே, 23 வயது. நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் களத்தில் நடப்பது வேறு. சத்தத்தைக் குறைத்தால் ஐந்து நிமிடத்துக்குள் ஒருவர் வந்து, என்ன தம்பி பொக்ஸ் பழுதா என்று கேட்பார். போன மாதம் ஒரு கலியாணவீட்டில் சத்தம் காணாது என்று பேசிய காசில் குறைத்துத் தந்தார்கள். சனத்துக்கு நெஞ்சில் அடிக்க வேண்டும். பேஸ் நெஞ்சில் அடிக்காவிட்டால் ஒருவரும் எழும்பி ஆட மாட்டார்கள். சத்தத்தைக் குறைப்பதென்றால் தொழிலை விடுவதுதான்.

மைக்செற்காரன் எழுதியது:

தம்பி, உன் வயதில் நானும் இதையேதான் சொன்னேன். நீ கேட்டது நியாயமான கேள்வி, நீட்டியே பதில் சொல்கிறேன்.

முதலில் பேஸ். நெஞ்சில் அடிப்பது 40 முதல் 100 ஹேர்ட்ஸ். காதைக் கொல்வது 2000 முதல் 5000 வரை. இரண்டும் வேறு பொக்ஸில் இருந்து வருகின்றன. நாங்கள் செய்யும் பிழை, அடி காணாது என்றவுடன் எல்லா ஒலியையும் சேர்த்துக் கூட்டும் மாஸ்ரரைத் தூக்குவது. மேல் ஒலியும் சேர்ந்து ஏறிவிடுகிறது. பேஸ் தரும் உன்னுடைய சப் பொக்ஸ் இரண்டையும் மேடையின் இரு பக்கமும் வைக்கிறாயா? அடுத்த முறை இரண்டையும் நடுவில் ஒட்ட வைத்துப் பார். இரண்டும் சேர்ந்து தள்ளும்போது ஒன்று தருவதைவிட 6 டெசிபெல் வரை கூட வரும். பிரித்து வைத்தால் சில இடத்தில் கூடும், சில இடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். அதே அம்பிளிபயர், அதே கறண்ட், ஆனால் அடி கூடும். அப்போது மேல் பொக்ஸை இறக்கலாம்.

பிறகு வாற் கணக்கு. 500 வாற் அம்பிளிபயரை விற்று 1000 வாற் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று நிர்வாகத்தினர் நினைக்கிறார்கள். கூடுவது 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாற் வேண்டும். ஒரு லொறி சாமானுக்கு நான் போட்ட காசில் பாதி இதை விளங்காமல் போட்டது.

தூரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிப்பது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். பொக்ஸில் இருந்து ஒரு மீற்றரில் 120 என்றால் நாலு மீற்றரில் 108, பதினாறு மீற்றரில் 96. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று முன் வரிசையின் காதைத்தான் உடைக்கிறோம். முன் வரிசையில் இருப்பது யார்? நிலத்தில் சப்பாணி கட்டி இருக்கும் சின்னப் பிள்ளைகள். பொக்ஸ் நிற்கும் உயரமும் அவர்களின் தலை உயரமும் ஒன்று. இதை நினைத்தால் எனக்கு இப்போது நித்திரை வருவதில்லை. பொக்ஸை மூன்று மீற்றர் உயர்த்திக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால் முன்னுக்கு இருப்பவருக்கும் பின்னுக்கு இருப்பவருக்கும் உள்ள தூர வித்தியாசம் குறையும். நீண்ட வீதி என்றால் 30 மீற்றருக்கு ஒரு சின்னப் பொக்ஸ் வைத்து, அதற்கு 90 மில்லிசெக்கன் அளவில் தாமதம் கொடுக்க வேண்டும். எங்கள் வெக்கைக்கு ஒலி செக்கனுக்கு 350 மீற்றர் அளவில் ஓடும், அந்தக் கணக்குத்தான். தாமதம் கொடுக்காவிட்டால் எதிரொலிபோல் கேட்டுப் பேச்சு விளங்காது. விளங்காவிட்டால் சத்தம் காணாது என்பார்கள். பெரும்பாலும் சத்தம் காணாது என்று ஆட்கள் வந்து சொல்வது விளங்கவில்லை என்பதைத்தான். நான் அதைப் புரிந்துகொள்ள 20 வருடம் எடுத்தது.

கடைசியாக ஒன்று. இரவு ஏற ஏறக் காது களைத்துக் கூர்மையான ஒலி மங்கும். பொக்ஸ் மங்கிவிட்டது என்று நினைத்து மேல் ஒலியைத் தூக்குவோம். ஒரு மணித்தியாலத்தில் மறுபடியும் மங்கும், மறுபடியும் தூக்குவோம். அப்போதுதான் வந்து சேர்ந்த ஒருவர் காதைப் பொத்துவார். அதனால் நிகழ்ச்சி தொடங்கும்போது வைத்த அளவைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது காதைவிட அந்தப் படத்தைத்தான் நம்புகிறேன்.

லண்டன்_வடமராட்சி எழுதியது:

நான் இங்கே ஒரு அரங்கில் ஒலி வேலை செய்கிறேன், பதினொரு வருடம். பிரித்தானியாவில் 2005 இல் வேலைத்தள இரைச்சல் ஒழுங்குவிதிகள் வந்தன. இசை, பொழுதுபோக்குத் துறைக்கு 2008 சித்திரையில் இருந்து நடைமுறை. 80 டெசிபெல்லில் வேலை செய்பவர் கேட்டால் முதலாளி காதுக்குக் காப்பு கொடுக்க வேண்டும், விளக்கம் சொல்ல வேண்டும். 85 இல் போடுவது கட்டாயம். காப்போடு சேர்த்து 87 ஐத் தாண்டக் கூடாது. வந்த புதிதில் எனக்கும் இது கரைச்சலாகத்தான் இருந்தது. இப்போது செருகி இல்லாமல் மேடைக்குப் போனால் செருப்பில்லாமல் முள்ளுக்குள் நடப்பதுபோல் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2022 இல் நிகழ்ச்சி இடங்களுக்கென்று ஒரு தராதரம் வெளியிட்டது. எந்த 15 நிமிடத்தை எடுத்தாலும் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. அளவை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், செருகி கிடைக்க வேண்டும், காது ஆற அமைதியான இடம் ஒன்று இருக்க வேண்டும். இது எங்கள் கோயில் வீதிகளுக்குக் கஷ்டமானது அல்ல. மடப்பள்ளிப் பக்கமோ தெப்பக்குளப் பக்கமோ ஸ்பீக்கர் போடாமல் விட்டாலே அமைதியான இடம் வந்துவிடும்.

காதுக்குள் வைக்கும் மொனிற்றர் பாவிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு காதில் மட்டும் வைத்து மற்றதைக் கழற்றித் தொங்கவிடுவது மிகவும் கெட்ட பழக்கம். திறந்த காதில் வெளிச்சத்தம் நேரே ஏறும், அதை வெல்ல மற்றக் காதில் அளவைக் கூட்டுவீர்கள். இரண்டும் போகும். சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிற்றர் இல்லாமல் அந்தச் சாமானைத் தொட வேண்டாம். யாராவது மைக்கைக் கீழே போட்டால் அந்த அடி நேரே செவிப்பறைக்கு வரும்.

வயரிங்_தென்மராட்சி எழுதியது:

காதைப் பற்றிக் கதைக்கிறீர்கள், நல்லது. உயிரைப் பற்றியும் கொஞ்சம் கதைக்க விடுங்கள். நான் மின் வேலை செய்பவன். மேடை வயரிங்கைப் பார்த்தால் பல இடத்தில் எனக்குக் கை நடுங்கும்.

சில வருடத்துக்கு முன் ஒரு நிகழ்ச்சியில் கித்தார் வாசித்த பெடியன் பாட மைக்கில் வாய் வைத்தான். அப்படியே விறைத்து நின்றான், மைக்கை விட முடியவில்லை. சுற்றி நின்றவர்கள் அவனைப் பிடித்து இழுக்க ஓடினார்கள். நான் கத்திக்கொண்டே போய் மெயின் சுவிச்சை அணைத்தேன். உதடு கருகியதோடு தப்பினான். பிறகு பார்த்தால், கித்தார் அம்பிளிபயரின் பிளக்கில் ஏர்த் வயரை வெட்டி விட்டிருந்தார்கள். ம்ம்ம் என்று ஹம் சத்தம் வருகிறது என்று யாரோ செய்த வேலை. அம்பிளிபயருக்குள் ஒரு கசிவு, 230 வோல்ற் தகட்டுக்கும் கித்தார்க் கம்பிக்கும் வந்துவிட்டது. மைக்கோ மிக்சர் வழியாக நன்றாக ஏர்த் ஆகி இருந்தது. கையில் கறண்ட், வாயில் ஏர்த், இரண்டுக்கும் நடுவில் நெஞ்சு.

ஹம் வந்தால் ஏர்த் வயரைத் தொடாதீர்கள். ஹம்மைப் போக்க, வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பொக்ஸ் இருக்கிறது, அதில் சிக்னல் பக்க ஏர்த்தைத் துண்டிக்க ஒரு சுவிச்சே இருக்கிறது. எல்லாச் சாமானுக்கும் ஒரே இடத்தில் இருந்து கறண்ட் எடுத்தாலே பாதி ஹம் போய்விடும். மேடைக்கு, கசிவு வந்ததும் கறண்டைத் துண்டிக்கும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச் கட்டாயம் வேண்டும்.

ஜெனரேற்றர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சப்பறத்துக்குப் பின்னால் ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோமே, அதில் பலவற்றில் நியூற்றல் வயரும் ஜெனரேற்றரின் உலோக உடலும் இணைக்கப்பட்டிருக்காது. அப்படியானதில் ட்ரிப் சுவிச் பூட்டினாலும் அது நினைத்தபடி விழாது. பூட்டியிருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் இருக்கும். அந்த இணைப்பை மின்வேலை தெரிந்தவரிடம் காட்டிச் செய்வியுங்கள், நீங்களாகச் செய்ய வேண்டாம். ஏர்த் கம்பி அடிப்பதும் எங்கள் ஊரில் லேசான விடயம் அல்ல. பல இடத்தில் ஒன்றரை அடிக்குக் கீழே சுண்ணாம்புக் கல். காய்ந்த மண்ணும் கல்லும் சேர்ந்தால் தடை கூடும். கம்பி நிற்கிறது என்பதற்காக ஏர்த் இருக்கிறது என்று எண்ணக் கூடாது, அளந்து பார்க்க வேண்டும்.

ஒலிக்காரர் பலருக்குத் தெரியாத ஒன்று, ஸ்பீக்கர் வயரிலும் ஆபத்து உண்டு. 8 ஓம் பொக்ஸுக்கு 1000 வாற் போகும்போது வயரில் ஏறத்தாழ 90 வோல்ற். வெறும் கையால் முறுக்கி, ரேப் சுற்றி, ஈரப் புல்லில் போட்டால் என்ன நடக்கும்? பூட்டுள்ள ஸ்பீக்கர் பிளக் அதற்காகத்தான் வந்தது. நீட்டு வயர் சுருளை முழுக்க விரித்துப் பாவியுங்கள். சுருட்டியபடியே பாரமான அம்பிளிபயரைக் கொடுத்தால் உள்ளுக்குள் உருகும். பிளக்கைக் கழற்றியதும் அம்பிளிபயரைத் திறக்காதீர்கள், உள்ளே உள்ள கொள்ளளவிகளில் கறண்ட் நிற்கும்.

மைக்செற்காரன் எழுதியது:

ஏர்த் வயரை வெட்டியவர்களில் நானும் ஒருவன். 2000களின் தொடக்கத்தில் அப்படித்தான் பழக்கினார்கள். அந்தப் பெடியன் என் மேடையில் நின்றிருக்கலாம். நாளைக்கு என்னிடம் உள்ள எல்லா பிளக்கையும் திறந்து பார்க்கிறேன்.

போடுவதும் அணைப்பதும் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அம்பிளிபயரைக் கடைசியில் போட வேண்டும், முதலில் அணைக்க வேண்டும். மாறிச் செய்தால் வரும் அந்த டம் என்ற அடியில் பொக்ஸும் போகும், பக்கத்தில் நிற்பவர் காதும் போகும். விசில் அடிக்கும் மைக்கும் அப்படித்தான். அது பெரும்பாலும் காது ஆகக் கூசும் அதிர்வெண்ணில்தான் வருகிறது. மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டு போகாமல் இருப்பதும், பாடுபவரை வாய்க்குக் கிட்டப் பிடிக்கச் சொல்வதும், பாவிக்காத மைக்கை மூடுவதும் போதும். நான் 22 வருடம் செய்து கண்டது இது.

கடற்கரை_அம்மா எழுதியது:

எனக்கு இந்தத் தொழில் தெரியாது. எட்டு மாதக் குழந்தையோடு ஒரு கடற்கரை நிகழ்ச்சிக்குப் போனேன். பிள்ளை முதலில் அழுதது, பிறகு நித்திரையாகிவிட்டது. பழகிவிட்டது என்று அங்கேயே இருந்தோம். இதை வாசித்த பிறகு பயமாக இருக்கிறது. பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும்?

கேள்விச்சோதனை எழுதியது:

தங்கச்சி, பயப்பட வேண்டாம், ஆனால் ஒருமுறை காட்டுங்கள். யாழ். போதனா வைத்தியசாலையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. கைக்குழந்தைக்கும் செவிப்புலத்தைப் பார்க்க வழி உண்டு, பிள்ளை பதில் சொல்ல வேண்டியதில்லை.

நித்திரையானது பழகியதால் அல்ல. அழுது களைத்தாலும் குழந்தை நித்திரையாகும், காது நித்திரை கொள்வதில்லை. கைக்குழந்தையின் காதுக்குள் செருகி வைக்கக் கூடாது, விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. தலைக்கு மேலால் போடும் காதுறை குழந்தைகளுக்கென்று வருகிறது. அதுவும் இல்லாவிட்டால் தூரமாக இருங்கள். பட்டாசு, வெடி கொளுத்தும் இடத்தில் நிற்கவே வேண்டாம். கிட்ட வெடித்தால் உச்ச அழுத்தம் 140 டெசிபெல்லைத் தாண்டும். அதற்கு நேரக் கணக்கு இல்லை, ஒரு வெடியே காணும்.

பஞ்சுச் செருகி பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதிகமானோர் அதைக் காதின் வாசலில் ஒட்டிவிட்டு ஒன்றும் குறையவில்லை என்கிறார்கள். கையைக் கழுவி, செருகியை மெல்லிய திரிபோல் உருட்டி, மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்தால் குழாய் நேராகும். அப்போது உள்ளே விட்டு, விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடிக்க வேண்டும். சரியாகப் போனால் உங்கள் குரலே உள்ளுக்குள் முழங்கும். சாதாரண மருந்துப் பஞ்சை உருட்டி வைப்பது காப்பே அல்ல.

ஒழுங்கை_வீடு எழுதியது:

நிகழ்ச்சிக்குப் போகாதவர்கள் சார்பில் ஒன்று. எங்கள் வீட்டு மதிலில் இருந்து இருபது அடியில் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறார்கள். மகன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். 2007 இல் இலங்கையின் உயர் நீதிமன்றம் இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. எனக்கு யாரோடும் சண்டை பிடிக்க விருப்பமில்லை, அது நான் கும்பிடுகிற கோயில். மைக்செற்காரன் சொன்னதுபோல் சின்னப் பொக்ஸாகக் கிட்டக் கிட்ட வைத்தால் பக்தருக்கும் விளங்கும், எங்கள் வீட்டுக்கும் ஆறுதல்.

பேஸ்_பெடியன் எழுதியது:

அண்ணை, சனிக்கிழமை ஒரு பிறந்தநாளில் செய்து பார்த்தேன். சப் இரண்டையும் நடுவில் ஒட்ட வைத்தேன். மேல் பொக்ஸை உயர்த்தி, 3000 ஹேர்ட்ஸ் பக்கம் 4 டெசிபெல் வெட்டினேன். ஒருவரும் வந்து பொக்ஸ் பழுதா என்று கேட்கவில்லை. ஒரு மாமா வந்து, இன்றைக்குக் கதைத்துக்கொண்டே ஆட முடிகிறது தம்பி என்றார்.

நான் ஐபோனில் நியோஷின் இலவச அளவுமானி இறக்கி என் மேசையில் வைத்துப் பார்த்தேன், 97. வழமையாக நான் வைக்கிற அளவுக்குக் கொஞ்ச நேரம் கூட்டிப் பார்த்தேன், 105. இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் 105 இல் நின்றிருக்கிறேன். அக்கா, 97 க்கு அரை மணித்தியாலம்தானே? நான் நாலு மணித்தியாலம் நிற்கிறேன். என்ன செய்வது?

கேள்விச்சோதனை எழுதியது:

சரியாகக் கணித்தீர் தம்பி. 15 டெசிபெல் குறைக்கும் செருகி நன்றாகப் பொருந்தினால் உள்ளே 82. நாலு மணித்தியாலம் தாங்கலாம். ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு ஆய்வுகூடத்தில் எடுத்தது, நடைமுறையில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் மேசையையும் பின்னுக்குத் தள்ளும், மணித்தியாலத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் வெளியே போய் வாரும். அளவுமானியில் ஏ நிறை, சீ நிறை என்று அளக்கும் முறைகள் உண்டு, ஏ நிறையில் அளந்தீரா? அந்த நிறை 50 ஹேர்ட்ஸில் 30 டெசிபெல் கழித்துத்தான் காட்டும், பேஸ் எவ்வளவு என்று அறிய சீ நிறையிலும் பாரும். முதலில் வந்து ஒரு சோதனை செய்யும். 23 வயதில் எடுத்த வரைபடம் கையில் இருந்தால் 30 வயதில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இணுவில்_தவில் எழுதியது:

அப்பாவின் செய்தி. செருகி தபாலில் வந்தது. முதல் நாள் வைத்து ஒரு நிமிடத்தில் கழற்றிவிட்டார், என் தவில் எனக்கே கேட்கவில்லை என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வீட்டுத் திண்ணையில் சாதகம் செய்யும்போது, நான் வாசிக்கும் பக்கத்துக் காதில் மட்டும் வைத்துப் பார்த்தார். அரை மணித்தியாலம் வாசித்தார். கழற்றிவிட்டு, உன் வலந்தலை நடை மூன்றாம் காலத்தில் ஓடுகிறது, இவ்வளவு நாளும் எனக்கு அது கேட்கவில்லை என்றார். அவர் சொன்னது சரி, தவிலின் வலப்பக்க அடி வேகமான மூன்றாம் காலத்தில் தாளத்தை முந்தி ஓடுகிறது.

அடுத்த கிழமை அவரைச் சோதனைக்குக் கூட்டி வருகிறேன் அக்கா. மொனிற்றரை முகத்துக்கு நேரே வைக்க வேண்டாம் என்று ஒலிக்காரரிடம் சொல்வதற்கும் சம்மதித்திருக்கிறார். எந்த நாளில் வரலாம்?

மைக்செற்காரன் எழுதியது:

தம்பி, அப்பாவின் அடுத்த மேளச்சமா எங்கே என்று சொல்லும். ஒலி யாருடையது என்றாலும் பரவாயில்லை, நான் மீற்றரோடு வருகிறேன். பிளக் 31 திறந்து பார்த்தேன், ஏழில் ஏர்த் இல்லை. ஏழும் மாற்றியாகிவிட்டது.